புள்ளிக்குக் கீழே ஒரு கோடு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே நீளவாக்கில் திறக்கிற ஸ்கோர் நோட்டுகள் பதினொன்று. 1984 முதல் 1995 வரை திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த முப்பது ஓவர் லீக் ஆட்டங்களை எங்கள் அணிக்காக நான் எழுதி வைத்தவை. சின்ன வயதில் பம்பர ஆணி பட்டு என் இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கார்க் பாலுக்கு எதிரே நிற்க முடியாது. ஆனாலும் ஆட்டத்தை விட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு கட்டம். ரன் வந்தால் எண், வராவிட்டால் புள்ளி, விக்கெட் விழுந்தால் டபிள்யூ. ஆறு பந்தும் புள்ளியாகவே போனால் ஆறையும் கோடிழுத்துச் சேர்த்து ‘எம்’ ஆக்குவோம். அதுதான் மெய்டன். அந்த மெய்டனில் விக்கெட்டும் விழுந்திருந்தால் கோட்டைத் திருப்பி டபிள்யூவாகச் சேர்ப்போம். ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது, யார் பயந்து பயந்து ஆடினார்கள், யார் அவசரப்பட்டார்கள் எல்லாம் தெரிந்துவிடும். நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க இப்படித்தான் எழுதினார்கள். எனக்கு இன்றும் அதைவிட அழகான கணக்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. அதில் புள்ளி என்றால் வெறும் புள்ளிதான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இரண்டடி தள்ளிப்போய், பேட்ஸ்மேன் தொடாமல் விட்ட பந்துக்கும் ஒரு புள்ளி. கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து குத்தி, மட்டையை இறக்கி எப்படியோ பிழைத்துக்கொண்ட பந்துக்கும் அதே புள்ளி.

எங்கள் அணியில் இடது கையால் வேகமாகப் போடுகிறவன் ஒருவன் இருந்தான். பூட்டுப் பட்டறையில் வேலை. ஆறு நாளும் அரம் பிடித்துத் தேய்த்த கை, ஏழாம் நாள் பந்து பிடிக்கும். அவன் போட்ட பந்துகளை வெறும் புள்ளியாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. காலடியில் குத்தும் யார்க்கர் விழுந்தால் புள்ளிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போட ஆரம்பித்தேன். இப்படி ஒரு குறி எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் ரன்னைக் கேட்பார்கள், இவன் மட்டும் நேரே என்னிடம் வந்து, “எத்தன கோடுடா மாப்ள?” என்பான்.

அந்தக் காலத்து ஆட்டத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலை மேட் விரிப்பது. தேங்காய் நாரில் முறுக்கி நெய்த கனமான பாய் அது. சுருட்டினால் நாலு பேர் தோளில் வைத்துத்தான் தூக்க முடியும். முதல் நாள் தண்ணீர் தெளித்துத் திம்சு போட்டு வைத்த களிமண் தரையில் அதை உருட்டி விடுவோம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒருவர் “இழு” என்றதும் தம் பிடித்து இழுக்க வேண்டும். சுருக்கம் ஒரு விரல் அளவு இருந்தாலும் பந்து அங்கே பட்டு முகத்துக்கு எகிறும். இழுத்துப் பிடித்தபடியே சாண் நீள ஆணிகளை ஓரங்களில் அறைவோம். நார் குத்தி உள்ளங்கை எரியும். அதற்குப் பிறகுதான் டாஸ். ஆட்டம் முடிந்தால் ஆணியைப் பிடுங்கி எண்ணிப் பார்த்துச் சாக்கில் போடுவோம். ஓர் ஆணி குறைந்தால்கூட இருட்டும் வரை தேடுவோம், மறுநாள் அதே இடத்தில் சின்னப் பையன்கள் செருப்பில்லாமல் ஓடுவார்களே!

மேட்டில் யார்க்கர் போடுவது லேசான காரியம் இல்லை. நாரில் பந்து பிடித்து எழும்பும். அதனால் எல்லோரும் நடுவில் குத்தி எகிற விடத்தான் பார்ப்பார்கள். விக்கெட் கிடைக்கிற சுலபமான வழி அதுதான். இவன் மேட்டின் விளிம்பைத் தாண்டிக் கிரீஸ் கோட்டிலேயே பந்தை இறக்குவான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். பட்டறைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு பழைய ஷூவை வைத்து ரப்பர் பந்தால் அடித்து அடித்துப் பழகியதாகச் சொன்னான். சந்தின் அகலம் நாலடி. பந்து கொஞ்சம் விலகினாலும் சாக்கடைக்குள் விழுந்துவிடும்.

1988 பொங்கலுக்குப் பிறகான ஒரு ஞாயிறு. நோட்டில் தேதி இருக்கிறது. 6 ஓவர், 2 மெய்டன், 11 ரன், 5 விக்கெட். அந்த 36 பந்துகளில் 19 பந்துகளுக்குக் கீழே என் கோடு இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் இருபது பேர் இருப்போம். அதில் பாதிப்பேர் எதிரணி.

அந்தப் பருவத்தில்தான் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1954-55க்குப் பிறகு அதுதான் இரண்டாவது முறை. சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை வீழ்த்தி, வாசுதேவன் தலைமையில் கோப்பையை எடுத்தார்கள். வானொலி வர்ணனையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். அப்துல் ஜப்பாரின் குரல் வந்தாலே டீக்கடையில் கிளாஸ் சத்தம் அடங்கிவிடும். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பார்க்காத மைதானம் கண்முன் விரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்போது ஓர் ஆசை வந்தது. ஆனால் அந்த ஆசைக்குப் போய்ச்சேர ஒரே வழிதான் இருந்தது, அது சென்னை. கம்பெனிகள் நடத்தும் கிளப்புகள் அங்கே இருந்தன. நன்றாக ஆடினால் வேலையும் கொடுப்பார்கள். ஐந்தாம் டிவிஷனில் தொடங்கி நாலு, மூன்று என்று ஏறி முதல் டிவிஷன் வந்தால்தான் தேர்வாளர் கண்ணில் படலாம். அதற்குச் சென்னையில் ஒரு படுக்கை இடம் வேண்டும், மாசச் செலவுக்குக் காசு வேண்டும், வீட்டில் சம்பளத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இல்லாமல் இருக்க வேண்டும். இவன் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் இருந்தார்கள்.

ஒரே ஒருமுறை வெளியூரில் ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். நானும் கூடப் போனேன். காலை ஆறரைக்கு வரிசையில் நின்றோம். மத்தியானம் மூன்று மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வலையில் எட்டுப் பந்து போடச் சொன்னார்கள். புல் தரை, அவன் வாழ்க்கையில் அதுவரை காலால் மிதிக்காத தரை. முதல் நாலு பந்தும் வழுக்கிக்கொண்டு போயின. ஐந்தாவதிலிருந்து தரை பிடிபட்டது. ஏழாவதும் எட்டாவதும் காலடியில் இறங்கின. பார்க்க வேண்டியவர் அந்த நேரத்தில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் வலைக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். “போதும் தம்பி, அடுத்தவர்” என்றார்கள். கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் அவன் ஒன்றும் பேசவில்லை. வாடிப்பட்டி தாண்டும்போது மட்டும், “ரெண்டு கோடு உண்டுலடா?” என்று கேட்டான். உண்டு என்றேன். என்னிடம் அன்று நோட்டு இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தனித்தாளில் எட்டுப் புள்ளி வைத்து, கடைசி இரண்டின் கீழே கோடு போட்டு நோட்டுக்குள் சொருகினேன். தாள் பழுப்பேறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் கழித்து 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) வந்தது.

கர்நாடகத்தில் 2009லேயே இப்படி ஒரு மாநில லீக் தொடங்கிவிட்டது. நமக்கு ஏழு வருஷம் தாமதம். ஆனால் வந்த நேரம் சரியான நேரம். சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு வருஷத் தடையில் இருந்தது. ஐபிஎல் பருவம் முழுக்கச் சேப்பாக்கம் சொந்த அணி இல்லாமல் கிடந்தது. அந்த ஏக்கத்துக்கு நடுவில் ஆகஸ்ட் 24ஆம் தேதி எட்டு அணிகளோடு டிஎன்பிஎல் தொடங்கியது. தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர், கோவை, மதுரை, சேப்பாக்கம், கூடவே எங்கள் திண்டுக்கல். ஆட்டங்கள் மூன்றே இடங்களில். சென்னைக்குச் சேப்பாக்கம், நெல்லைக்குச் சங்கர் நகர், மூன்றாவது நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம். எங்கள் ஊர்ப் பெயர் போட்ட சட்டையை ஆட்கள் டிவியில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, பஸ் போர்டில் பார்த்துப் பழகிய எழுத்துகள் புதுசாய்த் தெரிந்தன.

அந்தப் பருவத்தில் என் நெஞ்சில் நின்றது கோப்பையும் இல்லை, இறுதி ஆட்டமும் இல்லை. ஒரே ஓவர்.

பேகம்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பட்டறையும் இல்லை; பூட்டுத் தொழில் நசிந்து, சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். திண்டுக்கல்லும் தூத்துக்குடியும் ஆடிய ஆட்டம் சமமாக முடிந்து சூப்பர் ஓவருக்குப் போனது. ஆளுக்கு ஆறே பந்து. திண்டுக்கல் தரப்பில் பந்தை வாங்கியவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர், நடராஜன். அதுவரை நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. இடது கை. எதிரே அபினவ் முகுந்தும் வாஷிங்டன் சுந்தரும்.

முதல் பந்து யார்க்கர். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது பந்துக்கு ஓடி வரும்போது என் நண்பன் எழுந்து நின்றுவிட்டான். கையில் இருந்த டீ சட்டையில் சிந்தியது, அவன் கவனிக்கவில்லை. “கால்லயே போடுறான்டா… கால்லயே போடுறான்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஆறு பந்தும் யார்க்கர். அவசரத்துக்கு வேறொன்றும் கிடைக்காமல் நான் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்திருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் கீழே கோடு, வரிசையாக ஆறு கோடு. காகிதத்தை அவனிடம் நீட்டினேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். “இவன எல்லாரும் பாத்துட்டாங்கடா” என்றான். அந்த வார்த்தையில் பொறாமை ஒரு துளி இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

நடராஜனின் கதை பிறகு ஊருக்கெல்லாம் தெரிந்தது. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். அம்மா சாலையோரத்தில் கடை போட்டிருந்தார். ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரர் கைப்பிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போனார். நாலாம் டிவிஷனில் தொடங்கிப் படியேறினார். 2015 தொடக்கத்தில் ரஞ்சியில் முதல் ஆட்டம். உடனேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பி, கையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியே மறைந்து போயிருக்கலாம். எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். 2016இன் அந்த ஓவர் அவரைத் திரும்ப வெளிச்சத்துக்கு இழுத்தது. அடுத்த வருஷம் ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. சென்னைக்கு அவரும் போகத்தான் வேண்டியிருந்தது, அந்த வழி இன்றும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. அவர் போட்ட யார்க்கரைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டும் பார்த்தார்கள்.

அதே பருவத்தில் நத்தத்துக்கும் போனோம். அவன் வேனிலேயே போனோம். திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே போகப் போக மாந்தோப்பும் புளியமரமுமாக ரோடு இருட்டிக்கொண்டே வரும். திடீரென்று தோப்புகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு வெளிச்சம். கரந்தமலை ஓரத்தில் பகல் மிச்சம் இருப்பதுபோல் இருந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள். பொம்பளைகள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நத்தம் மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் போலத்தான் இருந்தது. அவன் ஆட்டத்தைவிடத் தரையைத்தான் அதிகம் பார்த்தான். இடைவேளையில் வேலி ஓரமாகப் போய்க் கம்பிக்குள் கையை விட்டுப் புல்லைத் தொட்டான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 18ஆம் தேதி இறுதி ஆட்டம். தூத்துக்குடி 2 விக்கெட்டுக்கு 215. சேப்பாக்கம் 93க்கு ஆல் அவுட். 122 ரன் வித்தியாசம். முதல் கோப்பை தூத்துக்குடிக்குப் போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தூத்துக்குடி அணி இன்று இல்லை. சில வருஷங்களில் அது சேலம் அணியாகிவிட்டது. காரைக்குடி திருப்பூருக்குப் போனது. காஞ்சி திருச்சியாயிற்று. திருவள்ளூர் காஞ்சியாகிப் பிறகு நெல்லை ஆயிற்று. உரிமையாளருக்கு அதற்கான காரணம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2016இல் தூத்துக்குடியில் கோப்பையைக் கொண்டாடிய ஒரு பத்து வயதுப் பையனை நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த கோப்பைக்கு அவன் யாரைப் பார்த்துக் கத்துவான்? எங்கள் காலத்து அணிக்குப் பணம் இல்லை, பந்துக்கே வீடு வீடாக வசூல் செய்வோம், புதுப் பந்து கிணற்றில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை இறக்குவோம். ஆனாலும் அந்த அணியை யாரும் வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. ஊர்ப் பெயரை அணிக்கு வைத்தால் அந்த ஊரில் அது வேர் பிடிக்க வேண்டும். லீக்கை நடத்துகிறவர்களிடம் நான் கேட்கிற ஒன்றே ஒன்று இதுதான்.

மற்றபடி இந்த லீக் செய்த நல்லதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2018இல் மதுரை கோப்பையை வென்றபோது அந்த அணியில் பந்து போட்டவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, கிரிக்கெட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். அடுத்த ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். 2023இல் டிஎன்பிஎல்லுக்கே ஏலம் வந்தபோது சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லில் அப்போது அவர் விலை 20 லட்சம். அதே சாய் சுதர்சன் 2025 ஐபிஎல்லில் 759 ரன் அடித்து எல்லோருக்கும் மேலே நின்றார். இவர்கள் எல்லாம் 1988இல் ஆடியிருந்தால் எத்தனை பேரை நமக்குத் தெரிந்திருக்கும்?

ஸ்கோர் எழுதுகிறவனுக்கு இந்த லீக் ஒரு சோதனையையும் வைத்தது. 2023 ஜூன் 13, சேலமும் சேப்பாக்கமும் ஆடிய ஆட்டம். சேப்பாக்கத்தின் இன்னிங்ஸில் கடைசி ஒரு பந்து பாக்கி. போடுகிறவர் சேலம் கேப்டன் அபிஷேக் தன்வர். பந்து ஸ்டம்பைத் தட்டியது, ஆனால் நோ-பால். அடுத்ததும் நோ-பால், சிக்ஸர். மறுபடி நோ-பால், இரண்டு ரன். பிறகு ஒரு வைடு. கடைசியில் முறையான பந்து, அதிலும் சிக்ஸர். ஒரே பந்துக்கு 18 ரன்! நான் வீட்டில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்துக்குப் போய், அங்கும் போதாமல் அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்தில் எழுதினேன். கம்ப்யூட்டரில் எழுதுகிற பிள்ளைகளுக்குப் பொத்தானை அழுத்தினால் தானாகவே கூட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு கேப்டன், அனுபவப்பட்டவர், அத்தனை பேர் முன்னால் கோட்டைத் தாண்டாமல் ஒரு பந்தைப் போட முடியாமல் தவித்த தவிப்பு அந்தக் கூட்டலில் தெரியாது. என் நோட்டில் அம்புக்குறி பக்கம் மாறிப் போவதைப் பார்த்தாலே தெரியும்.

நத்தத்தில் நான் மறக்காத இன்னோர் ஆட்டமும் உண்டு. அது டிஎன்பிஎல் இல்லை. 2019 டிசம்பரில் நடந்த ரஞ்சி, தமிழ்நாடும் கர்நாடகமும். நாலு நாள். டிவிக் கூட்டமும் மேளமும் இல்லாத பகல் வெளிச்சம். கடைசி நாள் தமிழ்நாட்டுக்கு 181 ரன் வேண்டும், கைக்கு எட்டுகிற இலக்குதான். கிருஷ்ணப்பா கௌதம் எட்டு விக்கெட் எடுத்தார், 154க்கு எல்லாம் முடிந்தது. அஸ்வின் ஆடிய அணி எங்கள் மண்ணில் 26 ரன்னில் தோற்றது. பழைய ஆட்டத்தின் ருசி அது. கௌதம் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 14 விக்கெட் எடுத்த அந்த ஆட்டம் என் பன்னிரண்டாவது நோட்டில் இருக்கிறது. அதற்காகவே ஒரு நோட்டு புதுசாய் வாங்கினேன்.

பிறகு 2021 ஜனவரி. பிரிஸ்பேன் காபா மைதானம். 32 வருஷம் ஆஸ்திரேலியா தோற்காத இடம். இந்திய அணியில் பாதிப்பேர் காயம்பட்டுக் கிடக்க, வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகக் கூட்டிப்போன நடராஜன் டெஸ்ட் ஆடினார். இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர். அவருக்கு அடுத்த எண், 301, வாஷிங்டன் சுந்தர். விடியற்காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றான் நண்பன். டிவியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். “மாப்ள, அந்தக் காகிதம் எங்கடா?” என்றான். பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் ஊறிய காகிதத்தில் ஆறு கோடு. ஒரு பக்கம் பந்து போட்டவர் 300, மறுபக்கம் மட்டை பிடித்தவர்களில் ஒருவர் 301. அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டே அன்றைய ஆட்டம் முழுக்கப் பார்த்தோம். சுந்தர் அந்த டெஸ்டில் 62 அடித்தார். ஐந்தாம் நாள் இந்தியா ஜெயித்தது.

2025 ஜூலை 6ஆம் தேதி டிஎன்பிஎல் இறுதி ஆட்டமே நத்தத்துக்கு வந்தது. திண்டுக்கல்லும் திருப்பூரும். முந்தைய வருஷத்து சாம்பியன் எங்கள் ஊர், அஸ்வின் கேப்டன். கோப்பை வீட்டிலேயே தங்கிவிடும் என்று ஊரே கிளம்பிப் போனது. திருப்பூர் 5 விக்கெட்டுக்கு 220. அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் அடித்த அடியில் பந்துவீச்சாளர்கள் போக்கிடம் இல்லாமல் நின்றார்கள். திண்டுக்கல் 102இல் சுருண்டது. 118 ரன் தோல்வி. 2016இல் காரைக்குடியாக இருந்த அணிதான் திருப்பூராக வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. நாங்கள் எழுந்து கை தட்டினோம். நன்றாக ஆடினார்கள், தட்டாமல் இருப்பது சரியில்லை.

திரும்பும்போது வேனில் அவனிடம் கேட்டேன், இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டை பிடிக்கிறவனுக்கே எல்லாம் சாதகமாக ஆகிவிட்டதே, இனிமேல் யார்க்கர் போடுகிறவனுக்கு என்ன மரியாதை என்று. அவன் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “இப்பத்தான்டா அதுக்கு மரியாத. அடிக்க முடியாத பந்து அது ஒண்ணுதான மிச்சம் இருக்கு.”

அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுக்கிறான். பீஸ் எதுவும் வாங்குவதில்லை. இருபத்தைந்து பையன்கள், நாலு பெண் பிள்ளைகள். மேட் இப்போது பச்சை நைலான், ஒருவரே தூக்கிப் போடலாம். கிரீஸ் கோட்டில் மிடில் ஸ்டம்புக்கு நேரே ஒரு ஷூ. அவன் காலத்து ஷூ இல்லை, எவனோ ஒரு பையன் போட்டுக் கிழிந்த ஸ்போர்ட்ஸ் ஷூ. அதைப் பந்து தொட வேண்டும். மூலையில் ஒரு செல்போனைக் கல்லுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி எல்லாவற்றையும் வீடியோ எடுக்கிறார்கள். அடுத்த பந்துக்கு முன்னால் முந்தின பந்தை ஓட்டிப் பார்த்து, கை எங்கே விலகியது என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாக்கடைச் சந்தில் தனியாக நின்று பழகியவன், அந்தச் சின்னத் திரைக்குக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இதோ பாரு, மணிக்கட்டு இங்க சாயுது” என்று விரல் வைத்துக் காட்டுகிறான்.

போன மாசம் பையன்களுக்குள் ஒரு முப்பது ஓவர் ஆட்டம். ஸ்கோர் எழுத என்னைக் கூப்பிட்டான். பதிமூன்றாவது நோட்டோடு போனேன். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் செல்போன் ஆப்பில் அதே ஆட்டத்தைப் பதிந்துகொண்டிருந்தான். அவன் விரல் என் பேனாவைவிட வேகம். ஓவருக்கு ஓவர் இருவரும் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டோம். பத்தாவது ஓவரில் அவன் என் நோட்டை எட்டிப் பார்த்தான்.

“இது என்ன தாத்தா, புள்ளிக்குக் கீழ கோடு?”

சொன்னேன். ஷூவைச் சொன்னேன், நத்தத்தைச் சொன்னேன், அதோ அம்பயர் மாதிரி நிற்கிறாரே அவரைச் சொன்னேன். பையன் தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பந்து எந்தப் பக்கம் அடிக்கப்பட்டது என்று குறிக்க இடம் இருந்தது. இதற்கு இடம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, “இந்த ஓவர் நான் எழுதவா தாத்தா?” என்று பேனாவுக்குக் கை நீட்டினான்.

கொடுத்தேன். ஒரு பெண் பிள்ளை, இடது கை, ஓடி வந்துகொண்டிருந்தாள்.